ஆண் மீன் இல்லாத தொட்டி

“ஆம்பள மீனே இல்லாத தொட்டில குட்டி எப்படி வரும், நீயே சொல்லு.”

லாயிட் இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். கீழ் வீட்டு முத்தம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டாள். மாடியில் பேசினால் படிக்கட்டு வழியாக எல்லாம் கீழே இறங்கிவிடும். லிங்கராஜபுரத்தில் அந்த வீட்டின் அமைப்பு அப்படி.

பிரிஸில்லா, அவன் மனைவி, தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றாள். மணி பிளாண்ட் வேருக்கு நடுவே ஏழெட்டுக் குட்டிகள். கண்ணும் வாலும் மட்டும்தான் தெரிந்தது.

தொட்டியை வைத்தது லாயிட்தான். பொம்மசந்திரா கம்பெனியில் ஓவர்டைம் நின்றதிலிருந்து வீட்டுக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. அவள் ஆசையாகக் கேட்டது இது ஒன்றுதான்.

குஜிரிக் கடையில் பழைய இரும்போடு கிடந்த கண்ணாடித் தொட்டி. விரிசலை அவனே சிலிகான் வைத்து அடைத்தான். மணலை அரிசி களைவதுபோல் களைந்தான். காவேரித் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, குளோரின் போகட்டும் என்று நாள் முழுக்க யாரையும் தொடவிடவில்லை. காற்று விடுகிற மோட்டார், கூட வேலை செய்பவர் வேண்டாம் என்று கொடுத்தது.

மீன் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது. விசிறி வால் வைத்த கலர் கப்பி மீன்தான் அவள் கேட்டாள். அது ஆண், விலை ஜாஸ்தி. அதோடு ஆணும் பெண்ணும் சேர்ந்தால் குட்டி பெருகும், அப்புறம் பெரிய தொட்டி, பெரிய செலவு. அதனால் சாம்பல் நிறத்தில் மூன்று பெண் மீன்களாகப் பார்த்துப் பொறுக்கி வந்தான்.

அது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்று காலை பார்த்தால் குட்டிகள்.

அப்படியென்றால் யாரோ ஒரு ஆண் மீனைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். காரியம் முடிந்ததும் எடுத்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். லாயிட் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. இடையில் யார் வந்தாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை.

போன வாரம் ஒரு நாள் இரண்டு டீ கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனதில் போட்டு வைத்தான்.

அவர்களுக்குத் தெரிந்து மீன் வளர்க்கிறவர் ஒரே ஆள்தான். சர்ச் கொயரில் பிரிஸில்லாவோடு பாடுகிற ஓஸ்வால்ட், கண்ணாடி போட்ட உயரமான ஆள்.

ஓஸ்வால்ட் வந்தானா என்று கேட்டேவிட்டான்.

பிரிஸில்லா நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“யாரும் வரல. யாரும் எதையும் கொண்டாந்து விடல. இன்னொரு தடவ அவர வச்சு என்ன சந்தேகப்பட்டீங்கன்னா, அத்திபெலேல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன்.”

இத்தனை வருடத்தில் எவ்வளவோ சண்டை வந்திருக்கிறது. ஒரு நாளும் அவள் அக்கா வீட்டைச் சொல்லி மிரட்டியதில்லை. அதனாலேயே இது மிரட்டல் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

ஆனாலும், ஒன்றும் இல்லாதவள் ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும்?

வண்டியை எடுத்துக்கொண்டு, மீன் வாங்கிய கம்மனஹள்ளிக் கடைக்குப் போனான். கண்ணாடி போட்ட உயரமான ஆள் ஒருத்தர் சமீபத்தில் ஒரே ஒரு ஆண் கப்பி மட்டும் வாங்கினாரா என்று போலீஸ்காரன் மாதிரி விசாரித்தான். கடைக்கார பாய் ஏன் என்று கேட்டார். மென்று விழுங்கிக் குட்டி விஷயத்தைச் சொன்னான். பாய் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சார், பொட்ட மீன் இங்கருந்து போறப்பவே வயித்துல வாங்கிட்டுதான் போகும். ஒரு தடவ சேந்தா போதும், மாசக்கணக்குல குட்டி போடும். இதுக்காகவா வீட்டுல யாரையாவது திட்டிட்டு வந்தீங்க?”

லாயிட் இல்லை என்றான்.

வரும் வழியில் பேக்கரியில் நின்று, அவளுக்குப் பிடித்த எக் பஃப்ஸ் வாங்கினான். மனசு லேசாகிவிட்டது. சிக்னலில் நின்றபோது தானாகவே சிரித்துக்கொண்டான்.

வீட்டில் பிரிஸில்லா குட்டிகளை ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றியிருந்தாள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை விரல் நுனியில் நசுக்கித் தூளாக விட்டுக்கொண்டிருந்தாள். லாயிட், பாய் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். தப்பு தன்மேல்தான் என்பதையும் சேர்த்து, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன்போல் வேகமாகச் சொல்லி முடித்தான்.

“தெரியும்,” என்றாள்.

தெரிந்தால் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்றான்.

“சொல்லியிருந்தா மீன நம்பியிருப்பீங்க. என்ன நம்புறீங்களான்னு பாத்தேன்.”

லாயிட் பஃப்ஸ் பையைப் பிடித்தபடி நின்றான். எண்ணெய் காகிதத்தைத் தாண்டி உள்ளங்கையில் பட்டது. வெட்கமாக இருந்தது, நிஜமாகவே. அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்துதான் அந்தக் கேள்வி எழும்பி வந்தது.

இவளுக்கு இதை யார் சொன்னது?

போனில் பார்த்திருக்கலாம். போனில் இல்லாதது என்ன இருக்கிறது. கீழே முத்தம்மா சொல்லியிருக்கலாம். இல்லை, மீன் வளர்க்கிற யாராவது.

வாய் பாதி திறந்துவிட்டது. பிரிஸில்லா விரலை நைட்டியில் துடைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தபடி நிற்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள், முக்கியமாகக் கல்யாணம் ஆனவர்கள், அவன் அதைக் கேட்கலாமா, அப்படியே விழுங்கிவிடலாமா என்று கீழே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அவள் ரொம்ப நேரம் நிற்க மாட்டாள்.