எங்கே என்று சொல்லாத டெஸ்ட்

“பேரனைக் கிட்ட கொண்டாராதம்மா. அங்கியே நில்லு!”

கன்னியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். மகள் இலக்கியா குழந்தையோடு மரக்காணம் கிளினிக் வாசலிலேயே நின்றுவிட்டாள். பதினைந்து நாளாய் இதே கூத்துதான்.

ரத்தம் எடுத்த இடத்தில் யாரோ, “இஎஸ்ஆர் தொண்ணூத்தஞ்சா? டிபியாத்தான் இருக்கும்” என்று கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, உப்பளக் கொட்டகையில் படுக்கை. போன வருஷம் சுனாமிக்குக்கூட இப்படி நடுங்கியதில்லை. பேரன் கை நீட்டும்போதெல்லாம் மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பேரைக் கூப்பிட்டதும் முன்பாதத்தை மட்டும் ஊன்றி உள்ளே போனார். உப்பு வாருகிறவர்கள் நடையே அப்படித்தான். குழந்தையோடு தள்ளியே பின்னால் வந்த இலக்கியாவுக்கும் அதே நடை.

டாக்டர் ரேணுகா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நெஞ்சு சுத்தமா இருக்குது. சளியிலயும் ஒண்ணும் இல்ல. டிபி கிடையாதுங்க.”

“அப்ப அந்தத் தொண்ணூத்தஞ்சு?”

“ரத்தத்தை ஒரு குழாய்ல நிக்க வெச்சு, ஒரு மணி நேரத்துல சிவப்பணு எவ்ளோ கீழ இறங்குதுன்னு பார்ப்போம். வேகமா இறங்குனா உடம்புல எங்கியோ அழற்சி இருக்கலாம். எங்கன்னு அந்த டெஸ்ட் சொல்லாது. நீங்கதான் சொல்லணும்.”

கன்னியப்பனுக்குப் பயம் விட்டபாடில்லை. பேர் தெரியாத நோய் என்றால் இன்னும் மோசமாயிற்றே!

“மூட்டு வலி?”

“இல்லீங்க.”

“ஜுரம்?”

“சாயங்காலமானா லேசா அடிக்கும்.”

“எங்கியாவது புண்ணு, சீழு?”

“சத்தியமா இல்லீங்க.”

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். டாக்டர் குழம்பிப்போய்ப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கன்னியப்பன் சீட்டை வாங்கிக் கும்பிட்டுத் திரும்பினார்.

அவர் நின்ற இடத்தில், வெள்ளை டைல்ஸில், ரத்தமும் சீழுமாய் ஒரு தடம்.

டாக்டர் பதறி ஓடிவந்து அவர் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுழையும் ஆழத்துக்கு வெடித்து, உள்ளே அழுகிக் கிடந்தது.

“என்னங்க இது! புண்ணே இல்லன்னு சொன்னீங்க?”

இலக்கியா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தன் பாதத்தையும் தூக்கிக் காட்டினாள்.

“இதைப் போயா புண்ணுங்கறீங்க? உப்பளத்துல எல்லாருக்கும் இருக்குதேம்மா!”