படித்தாலே புரியும் பெயர்

"செக் ஒண்ணு, செக் ரெண்டு... ப்ரோக்ராம்ல ஃபங்ஷனுக்கு வைக்கிற பேரா இதெல்லாம்? பேரைப் படிச்சாலே என்ன வேலை செய்யுதுன்னு தெரிய வேணாமா? எல்லாத்தையும் மாத்து," என்று மேலாளர் என்மேல் எரிந்து விழுந்தார்.

எங்கள் நிறுவனத்துக்கு வரும் வேலை விண்ணப்பங்களைத் தரவுத்தளத்தில் வடிகட்டும் நிரல் அது. அதன் சிறு பகுதிகளான ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பெயர் மாற்றினேன். அவரே எழுதிய ஒன்றைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் புதிய பெயர்கள் திரையில் விரிந்தன. அவர் முகம் கறுத்தது.

"இதுக்கு யாரு இப்படிப் பேரு வச்சது?"

"நான்தான் சார். படிச்சாலே புரியணும்னு நீங்கதானே சொன்னீங்க. எங்க அக்கா விண்ணப்பம் ஒவ்வொரு தடவையும் ஏன் குப்பைக்குப் போச்சுன்னு எனக்கும் இப்பதான் புரிஞ்சுது."

'செக் ரெண்டு' இருந்த இடத்தில், 'கல்யாணமான பெண்களை நீக்கு' என்று இருந்தது.