ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

"ராத்திரியில வண்டி வழக்கமா எங்க நிக்கும்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது? நாங்க எங்க படுக்கிறோமோ அங்க நிக்கும்."

வெண்டெல் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ஆர்லிஸைப் பார்த்தார். ஆர்லிஸ் தலையாட்டினாள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. அவர்களுடைய கேரவன் வெளியே மூன்று கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மார்னிக்கு இது புதிதல்ல. வீட்டை விற்றுவிட்டு கேரவனிலேயே காலம் தள்ளுகிறவர்கள், ஒரு விலாசம் வேண்டுமே என்று, ஒரு ராத்திரி தங்கினாலே அதைக் கொடுத்துவிடும் ரேபிட் சிட்டிக்கு வருவார்கள். விலாசம் கிடைத்த கையோடு, வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்க அவளிடம் வருவார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்குத்தான் அது புரியாது. வீடு எங்கே என்று ஒரு கட்டத்தில் கேட்கும், வண்டி எங்கே என்று இன்னொரு கட்டத்தில் கேட்கும். இரண்டும் ஒன்றுதான் என்று எழுத இடமே கிடையாது.

சாதாரண வண்டி பாலிசி போதாது என்று அவள் விளக்கினாள். விருந்தாளி யாராவது படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டால், அது வீட்டில் விழுந்த மாதிரிதான். உள்ளே இருக்கும் துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அதற்குத் தனி பாலிசி, பிரீமியம் கொஞ்சம் கூடுதல்.

லீவுக்கு மட்டும் ஓட்டுகிற வண்டி என்று போட்டால் குறையுமே என்று வெண்டெல் மெல்ல இழுத்தார்.

"பொய் சொல்லி எடுத்துட்டு, நாளைக்கு வண்டி தீப்பிடிச்சா யாரைப் போய்க் கேக்கிறது?" என்றாள் ஆர்லிஸ். "நீ உள்ளதை எழுதும்மா. இவரு மளிகைக் கடையிலயும் இப்படித்தான் பேரம் பேசுவாரு."

வெண்டெல் சிரித்தார். மார்னிக்கும் சிரிப்பு வந்தது. நான்கு நாள் கழித்து வந்த சிரிப்பு.

வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டாள். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவள். முறை மாறியதே இல்லையாம். வண்டி பழுதாகிப் பட்டறையில் கிடந்தால் ஓட்டல் வாடகையைக் கம்பெனி தரும், அதையும் சேர்க்கட்டுமா என்றாள். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பட்டறையில் நின்றாலும் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வார்களாம்.

"இவ தங்கச்சி மக கல்யாணத்துக்கு டென்வர் போனோம்" என்றார் வெண்டெல். "வீடு நிறைய சொந்தக்காரங்க. இருன்னு எல்லாரும் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. இவ கேக்கல. ஒம்பது மணிக்கெல்லாம் வண்டிக்கு வந்துட்டா."

"பின்ன? உங்களைத் தனியா விட்டுட்டு நான் அங்க தூங்குவேனா?" என்றாள் ஆர்லிஸ்.

மார்னிக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. நான்கு நாளைக்கு முன் கணவன் கர்ட் அவளைக் கேட்காமல் மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதிலேயே போய்க் குடியிரு என்று கத்தினாள். அவன் பதில் பேசாமல் படகை வண்டியில் கோத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். தானாக போன் செய்வதில்லை என்று அவளும் வீம்பாக இருந்தாள்.

பிரிண்ட் எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பின்னறைக்குப் போய் அவனுக்கு போன் செய்தாள்.

"வீட்டுக்கு வந்துடு, கர்ட். படகோடயே வா."

"உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கேன். இங்க ரெண்டு பேரு வந்திருக்காங்க. ஒரு வண்டிக்குள்ள வருஷம் பூரா ஒருத்தரை ஒருத்தர் பிரியாம இருக்காங்க. நமக்கு மூணு ரூம் வீடு. அதுல இருக்க முடியலையா?"

அரை மணி நேரத்தில் கிளம்புவதாகச் சொன்னான் கர்ட். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தோடு திரும்பினாள்.

அவர்களுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போலிருந்தது. தம்பதிகளுக்கு என்று ஒரு தள்ளுபடி உண்டு. அவர்கள் கேட்காமலேயே போட்டிருப்பதாகச் சொன்னாள்.

இருவரும் காகிதத்தைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஆர்லிஸ் அதை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அதை எடுத்துடும்மா. உள்ளதைத்தான் எழுதணும். எங்களுக்கு விவாகரத்து ஆகி நாலு வருஷம் ஆச்சு."

"வீட்டை வித்துப் பங்கு போட்டாச்சு. இந்த வண்டியை மட்டும் ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல" என்றார் வெண்டெல். "யாரு முதல்ல இறங்கிப் போறாங்களோ, அவங்களுக்கு வண்டி இல்லைன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க."