செத்தவரின் கடவுச்சொல்

திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் காகிதத்தில் பேராசிரியரின் கடவுச்சொல் இருக்கிறது. பலர் விரல் பட்டு அதன் மூலைகள் கறுத்துப் பிசுபிசுக்கின்றன. அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஏழு ஊர் ஆய்வகங்களின் கருவிகளையும் இங்கிருந்தே திறக்கும் கணினிக் கணக்கு எங்கள் துறையில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. சாவைத் தலைமையிடத்துக்குத் தெரிவித்தால் அதை மூடிவிடுவார்கள் என்று அலுவலகம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்று ஒரு கணக்கு கேட்டு நான் போட்ட விண்ணப்பம் எழுத்தரின் மேசையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடக்கிறது, வட்டம் வட்டமாகக் கறையேறி. "அவரோடதுலயே போயிடும்மா. எல்லாரும் அப்படித்தானே போறாங்க?" என்கிறார் எழுத்தர், பல்லைக் குத்திக்கொண்டே. காகிதத்தைப் பார்த்துக் கடவுச்சொல்லை அடிக்கிறேன். விசைகள் விரலில் ஒட்டுகின்றன. 'வருக, பேராசிரியரே' என்று பச்சை எழுத்து மின்னுகிறது. மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் எடுத்த அளவீடுகள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன; ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, புண்ணில் ஈ உட்காருவதுபோல. அப்போது அவருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது: இந்த ஆண்டின் மிகச் சுறுசுறுப்பான ஆய்வாளராக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். எழுத்தர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார், வாயெல்லாம் பல். "அடடா, நம்ம டிபார்ட்மெண்டுக்கே பெருமை! பதில் போடலன்னா சந்தேகம் வரும்மா. அவர் எழுதுற மாதிரி ரெண்டு வரி நன்றி சொல்லிடு." நான் 'மிக்க நன்றி' என்று அடிக்கிறேன். கீழே அவர் கையெழுத்து தானே விழுகிறது.