காது குத்திய ஃப்ளாப்பி

தாண்டவராயன் கொண்டுவந்த ஃப்ளாப்பியின் மூலையில் ஒரு துளை இருந்தது. அணைக்காக ஊரைக் காலிசெய்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பட்டியல் அதில்தான் மிச்சம்; காகிதத்தில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. பட்டியல் இல்லாமல் பட்டா கிடைக்காது.

“யாரு சார் இதுல பஞ்ச் பண்ணது?” என்றாள், பழைய ஃப்ளாப்பிகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் ஜமீலா.

“நான்தாம்மா. அப்ப நான் கிளார்க்கு. ஃபைலோட சேர்த்து நூல் போட்டுக் கட்டினேன். ஃப்ளாப்பிக்குக் காது குத்தினவன்னு ரிட்டயர் ஆகுற வரைக்கும் கேலி பண்ணாங்க.”

அவள் உறையைக் கத்தரித்து, பூஞ்சை படிந்த வட்டத் தகட்டை வெளியே எடுத்தாள். சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, புது உறையில் இட்டாள். தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தகடு எட்டாத உறை மூலையில்தான் துளை விழுந்திருந்தது.

“கட்டாம வச்ச மத்ததெல்லாம் எங்க சார்?”

“ஆபீஸ் மாறுனப்பவே காணாமப் போச்சும்மா. ஒண்ணுகூட இல்ல.”

திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின. ஜமீலா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். தாண்டவராயன் உட்காரவில்லை. கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் கேட்கும்படி முதல் பெயரை உரக்க வாசித்தார்.