முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

அப்பா சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடமாகியிருந்தது. எனக்கு எட்டு வயது. ஞாயிறு ஆராதனையில் சபை ஐயர், நன்றி சொல்லிப் படைத்த ஸ்தோத்திரக் காணிக்கைகளின் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார். "கணவர் சத்தியநேசன் சுகமாய் வீடு திரும்பியதற்காக, எமீமாள்." கோயிலே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. நானும்தான்.

ஆராதனை முடிந்து வாசலில் ஐயர் கேட்டார். "அவரு எப்பம்மா வந்தாரு?"

"இன்னும் வரல ஐயரே. ஆண்டவர்ட்ட கேட்டாச்சுல்லா? வந்த பெறவு நன்றி சொல்ல எல்லாருக்குந்தான் தெரியும்."

வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தோம். எங்கள் தெருமுனை வந்ததும் அம்மா நின்றாள். கைவிரலால் என் தலையைச் சீவிவிட்டு, தன் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

எனக்கு இப்போது அறுபது. அந்த முனை வந்தால் இன்றும் என் கை தானாகத் தலைக்குப் போகிறது.