நாலாவது பதக்கம்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் இரவீந்திரன், எல்லிங்ஸ்ருட் பழைய சாமான் சந்தையில் ஒரு படம் வாங்கினார். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களில் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதில் நின்றார். அவர் பணியாற்றிய ஆறு கப்பல்களும் வாங்கிய மூன்று பதக்கங்களும் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. நெஞ்சிலோ நாலு தொங்கின.

மனைவி புஷ்பமலர் பூதக்கண்ணாடியை வைத்து நாலாவதைப் பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ, தமிழிலை 'பத்தாண்டுச் சேவை' எண்டு கிடக்கு. வாற சனி பள்ளிக்கூடத்திலை உங்களுக்குத் தரப்போறதெல்லோ இது?"

சனிக்கிழமை மேடையில் இரவீந்திரனுக்குக் குத்திய பதக்கத்தில் உப்புப் பூத்திருந்தது. நாடா வெளிறியிருந்தது.

"நேற்றுத்தான் கடையிலை எடுத்தது, மாஸ்டர்" என்று அதிபரும் முழித்தார்.

குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தவர் படத்தைப் பார்த்தார். இப்போது மூன்றுதான். நாலாவது தொங்கிய இடத்தை வாத்தியார் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.